பள்ளி நீட்டும் ஐஇபி படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. திருப்பூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 4ஆம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால் பாதி எழுத்து விட்டுப்போகும். மருத்துவமனையில் காட்டியதில் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு என்றார்கள். இப்போது பள்ளியில், "ஐஇபி போட்டால்தான் அடுத்த வகுப்புக்கு அனுப்புவோம், இந்த கன்சல்டன்ட்டைப் பாருங்கள்" என்கிறார்கள். அவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கூடவே ஒரு படிவத்தையும் கொடுத்திருக்கிறார்கள். "பாடச்சுமையைக் குறைக்கச் சம்மதிக்கிறோம், விளைவுகளுக்குப் பள்ளி பொறுப்பல்ல" என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பையன் பெயர் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் ஏறிவிடும் என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: அந்தப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். 18,000 ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆனால் ஐஇபி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பையனுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஐஇபி என்றால் தனிநபர் கல்வித் திட்டம். பெயர்தான் பெரிது. இந்தப் பிள்ளைக்கு இன்று என்ன வருகிறது, மூன்று மாதத்தில் என்ன வர வேண்டும், அதற்கு யார் என்ன செய்வார்கள், எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம் என்று எழுதி வைக்கும் தாள், அவ்வளவுதான். அதை எழுத வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும், இத்தகைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரும், நீங்களும். பையனை வகுப்பில் ஒரு நாள்கூடப் பார்க்காத ஒருவர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதித் தருவது ஐஇபி ஆகாது.

இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். சிறப்பாசிரியராக 22 வருடம் வேலை பார்த்தாயிற்று. சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. 9ஆம் பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர். பெயரை மாற்றி மாற்றி அச்செடுக்கும்போது அந்த இடத்தில் மாற்ற மறந்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அன்றிலிருந்து எந்த ஐஇபி கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வரியாவது இதில் இருக்கிறதா?

அப்படிப்பட்ட வரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்று எழுதியிருந்தால் அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் உதவாது. தமிழில் டிஸ்லெக்ஸியா உள்ள பல பிள்ளைகள் கொம்பிலும் காலிலும்தான் தடுக்கி விழுகிறார்கள். "கொ" என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது. காதில் விழும் ஒலியோ ஒன்றுதான். பையன் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டுவிடுவான், கொக்கு "கெக்கு" ஆகிவிடும். அப்படியானால் ஐஇபியில் இருக்க வேண்டிய வரி இது: "கொக்கு, பொம்மை, தோடு போன்ற 20 சொற்களில் இன்று 6 சரியாக எழுதுகிறான். மூன்று மாதத்தில் 15 எழுத வேண்டும். வாரம் மூன்று நாள், 30 நிமிடம், சிறப்பாசிரியர் தனியாகச் சொல்லித் தருவார். அதுவரை வகுப்பில் இந்தப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது." இதைப் படித்தால் எந்த வீட்டில் எந்தப் பாட்டிக்கும் புரியும். புரியாத ஐஇபியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இலக்குகள் நான்கைந்து போதும். நாற்பது இலக்கு எழுதித் தருகிறவர் ஒன்றையும் செய்யப்போவதில்லை.

இனி படிவத்துக்கு வருவோம். "பாடச்சுமையைக் குறைக்கச் சம்மதம்" என்கிற அந்த வரி உங்கள் பையனுக்கு ஆபத்தானது. பாடத்தைக் குறைப்பது ஒன்று, பாடத்துக்குப் போகும் வழியை மாற்றுவது வேறொன்று. உங்கள் மகன் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான் என்கிறீர்களே, அவனுக்கு அறிவியலில் பாதிப் பாடத்தை ஏன் வெட்ட வேண்டும்? கேள்வியை யாராவது படித்துக் காட்டட்டும், விடையை அவன் வாயால் சொல்லட்டும், கூடுதல் நேரம் கொடுக்கட்டும், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொல்லாமல் அச்செடுத்துக் கொடுக்கட்டும், கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுக்கட்டும். பாடம் முழுதாகவே இருக்கட்டும். 4ஆம் வகுப்பில் வெட்டினால் 7ஆம் வகுப்பில் அடித்தளமே இருக்காது. அப்போது, "பார்த்தீர்களா, இவனால் முடியவில்லை" என்று அதே பள்ளி சொல்லும்.

"அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டோம்" என்பதும் வெறும் மிரட்டல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவின்படி 4ஆம் வகுப்பில் ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கவோ பள்ளியை விட்டு அனுப்பவோ முடியாது. அனுப்ப முடியாது என்பதால்தான் சில பள்ளிகள் வேறு வழி பிடிக்கின்றன. "உங்கள் பையனுக்கு நல்ல பள்ளியாகப் பாருங்கள், நீங்களே டிசி கேட்டு எழுதிக்கொடுங்கள்" என்று மென்மையாகச் சொல்வார்கள். எழுதிக்கொடுத்துவிட்டால் நீங்களாக விலகியதாக ஆகிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் டிசி கேட்டு உங்கள் கையால் ஒரு வரி எழுதாதீர்கள்.

அப்புறம் அந்த கன்சல்டன்ட். சிறப்பாசிரியராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது ஓராண்டு வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். "உங்கள் பதிவு எண் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையானவர் கேட்டவுடன் சான்றிதழை எடுத்துக் காட்டுவார். "நான் வெளிநாட்டில் கோர்ஸ் முடித்தேன்", "எனக்குப் பத்து வருட அனுபவம்" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியே ஒருவரைக் கைகாட்டி, "இவரிடம்தான் போக வேண்டும்" என்றால், அந்தப் பணத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. நிழல் ஆசிரியர் என்று மாதச் சம்பளத்துக்கு ஒருவரைத் தலையில் கட்டும் ஏஜென்சிகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. உங்கள் பையனுக்கு நிழல் ஆசிரியர் தேவையே இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அவன் கடைசிவரை எழுதக் கற்க மாட்டான்.

பள்ளியின் பொறுப்பு என்ன? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகள் அதில் உண்டு. பிள்ளைக்குத் தேவையான ஆதரவைத் தனிப்பட்ட முறையிலோ வேறு விதத்திலோ கொடுக்க வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். 2021இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்கே சொல்லிவிட்டது. எத்தனை பள்ளிகளில் அப்படி ஒருவர் இருக்கிறார்? அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஐஇபியைக் கட்டாயமாக்கி, பெற்றோரையும் அந்த மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நம் சட்டத்தில் ஆதரவு கொடு என்று இருக்கிறது. எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும், யார் யார் உட்கார வேண்டும், எழுதியபடி நடக்காவிட்டால் என்ன என்று கறாராக இல்லை. அந்த ஓட்டையில்தான் ஐஇபியை விற்கிறவர்கள் நுழைகிறார்கள். சட்டம் வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஒரு தாய் கடன் வாங்கித் தன் பிள்ளையின் உரிமையை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது என்றால் எனக்கு ஆறவில்லை.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ஐஇபி போடுவதால் மட்டும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வந்துவிடாது. அது பள்ளிக்குள் இருக்கும் ஒரு வேலைத் திட்டம். மாற்றுத்திறனாளி சான்றிதழும், யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையும் முற்றிலும் தனி. நீங்களாக விண்ணப்பித்தால்தான் அவை வரும். "சான்றிதழ் கொண்டுவந்தால்தான் உதவி செய்வோம்" என்று வகுப்பாசிரியர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வகுப்பில் கட்டம் போட்ட நோட்டு கொடுக்க எந்த அரசு முத்திரையும் வேண்டாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் நிறையப் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகியவற்றைக் கேட்கும்போது மட்டும் அரசு மருத்துவக் குழுவின் சான்று இல்லாமல் நடக்காது. கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதிலிருந்து இந்தச் சான்று வாங்கலாம். ஆனால் அதை 14 வயதில் மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும், 18 வயதில் இன்னொரு முறை. 14 வயது என்பது ஏறக்குறைய 9ஆம் வகுப்பு. சின்ன வயதில் வாங்கியதைப் பீரோவில் வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் அது காலாவதியாகி இருக்கும். அதற்கப்புறம் மருத்துவமனை, தலைமையாசிரியர், கல்வி அலுவலகம், தேர்வுத் துறை என்று அலைந்து முடிப்பதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும். அதனால் 9ஆம் வகுப்பு தொடங்கியதுமே புதுப்பித்து, விண்ணப்பத்தைப் பள்ளி வழியாக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். மொழி விலக்கைப் பற்றியும் அவசரப்படாதீர்கள். எந்த மொழியை விடுவது என்பதைப் பையனின் எழுத்தையும் வாசிப்பையும் பார்த்து 9ஆம் வகுப்பில் முடிவு செய்யலாம். இப்போதே யாராவது "தமிழை விட்டுவிடுங்கள், சுலபம்" என்றால் கேட்காதீர்கள். சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். நினைப்பதை வரிசையாக, நிறுத்தி, அடுத்தவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனித் திறமை. 7ஆம், 8ஆம் வகுப்பு ஐஇபியில் அதை ஒரு இலக்காகவே எழுதச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்கும் யூடிஐடி அட்டைக்கும் கட்டணம் கிடையாது. முகாம் நடக்கும் இடத்தில், "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் ஆதாரையும் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். விவரம் வேண்டுமானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். உங்கள் பகுதியில் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். அவர் முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இருப்பவர்தான். ஆனாலும் போய்ப் பையனின் நோட்டைக் காட்டி வழி கேட்பதில் தவறில்லை, காசும் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். படிவத்தை நகல் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள். அதோடு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். வக்கீல் பாஷை எதுவும் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் மகனுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவமனை அறிக்கை தந்துள்ளது, நகல் இணைத்துள்ளோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவின்படி அவனுக்கு ஐஇபி தயாரிக்க, வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர் ஆகியோருடன் நாங்களும் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு ஒரு தேதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பாடங்களைக் குறைக்க எங்களுக்குச் சம்மதமில்லை. கற்பிக்கும், தேர்வு எழுதும் முறையில் மாற்றங்களைக் கோருகிறோம்."

இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்துக்கு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள், பையனின் பழைய நோட்டுகள் இரண்டு கையில் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். அங்கேயும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பலாம். பள்ளி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுக்கும்போது, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.