55 டச்டவுனிலிருந்து 9-க்கு: பேட்டன் மேனிங்குக்கு என்ன ஆனது?

கேள்வி இது: 2013-ல் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்த பேட்டன் மேனிங், 2015-ல் வெறும் 9-க்கு எப்படி இறங்கினார்? அவ்வளவு திறமையும் எங்கே போனது? (தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக்; மேனிங் அந்த இடத்தில் ஆடியவர். அவர் எறிந்த பந்தைச் சக வீரர் எதிரணியின் கடைசி எல்லைப் பகுதிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது டச்டவுன்.)

என்னைக் கேட்டால், அவர் கை 2013-க்கு முன்பே போய்விட்டது.

2011-ல் கழுத்து அறுவை சிகிச்சைகள். நரம்பு பாதித்து, எறியும் வலது கையில் பலம் குறைந்துவிட்டது. அந்தச் சமயம் பேஸ்பால் வீரரான நண்பர் டாட் ஹெல்டனோடு எறிந்து பார்த்திருக்கிறார். முதல் பந்து கொஞ்ச தூரம்கூடப் போகாமல் தரையைப் பார்த்து விழுந்தது. மேனிங் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து ஹெல்டன் சிரித்தாராம். அந்த ஆண்டு முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை.

அந்தக் கையை ஓரளவு தேற்றிக்கொண்டு வந்துதான் டென்வர் அணியில் 55 அடித்தார். எப்படி? கண்ணாலும் மூளையாலும். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே என்ன செய்யப்போகிறார்கள் என்று கணித்து, கடைசி நொடியில் திட்டத்தை மாற்றுவார். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் திரும்புவதற்குள் பந்து அவர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கிளம்பியிருக்கும். வேகம் இல்லாத குறை வெளியே தெரியவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. பந்து காற்றில் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக மிதந்தால் போதும், டிஃபெண்டர் வந்துவிடுவார். அப்புறம் கால். எறியும் விசை கையிலிருந்து மட்டும் வருவதில்லை. முன்னங்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பும்போதுதான் பிறக்கிறது. 2014 கடைசியில் தொடையில் காயம், 2015-ல் இடது பாதத்தின் அடித்தசைநாரில் வலி. வலது கைக்காரருக்கு ஊன்றும் கால் இடதுதான்! மூளை எங்கே எறியச் சொல்கிறதோ, அங்கே பந்து போய்ச் சேரவில்லை.

2015 நவம்பர் 15, கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தை நண்பன் வீட்டு டிவியில் பார்த்தேன். முதல் கால் பகுதியிலேயே ஒரு குட்டிப் பாஸில் முன்னாள் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரின் சாதனையை, அதாவது வாழ்நாளில் எறிந்து சேர்த்த மொத்த யார்டு தூரத்தை, முறியடித்தார். நாங்கள் கைதட்டினோம். மூன்றாவது கால் பகுதியில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். 20 எறிந்ததில் 5-தான் சேர்ந்தது, 35 யார்டு, எதிரணி கைக்குப் போனவை 4. நண்பன் ஒன்றும் பேசாமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிராடி 43 வயதில் சூப்பர் பவுல் (சீசனின் இறுதிப் போட்டி) ஜெயித்தாரே என்பீர்கள். சரிதான். 2008-ல் முழங்கால் போய் ஒரு சீசனையே இழந்தவர் அவர். ஆனால் எறியும் கைக்கு மேனிங்குக்கு வந்தது போன்ற நரம்புச் சிக்கல் வரவில்லை. பிறந்த வருடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது.

மேனிங்கும் 2016 பிப்ரவரியில், 39 வயதில், சூப்பர் பவுல் ஜெயித்தார். அவர் எறிந்தது 141 யார்டுதான். ஆட்ட நாயகன் விருது தடுப்பாட்டக்காரர் வான் மில்லருக்குப் போனது. அடுத்த மாதமே ஓய்வு அறிவித்துவிட்டார்.