டயாப்லோ மாதிரி அரக்கர்களை அடித்துச் சாமான் சேர்க்கும் கேம்களை ஹார்ட்கோரில் ஆடலாமா, சாதா மோடே போதுமா?

வேலைக்குப் போகிறேன், இரவில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். அதை வைத்தே சொல்கிறேன். முதல் கேரக்டரைச் சாதாவில் ஆடுங்கள். கதையை முடித்து, எந்த பாஸ் எப்படி அடிப்பான் என்று தெரிந்த பிறகு இரண்டாவது கேரக்டரை ஹார்ட்கோரில் தொடங்குங்கள். எனக்கு ஹார்ட்கோர்தான் பிடிக்கும், ஆனாலும் புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஹார்ட்கோரில் ஒருமுறை செத்தால் செத்ததுதான், எழுந்து வர முடியாது. 2000-இல் வந்த டயாப்லோ 2-வில், நார்மல் என்ற முதல் கடினநிலையை ஒருமுறை முடித்தவருக்குத்தான் இந்த மோடு திறக்கும். 2012-இல் வந்த டயாப்லோ 3, பத்தாவது லெவலைத் தொட்டால் போதும் என்றது. அதே வகைக் கேமான பாத் ஆஃப் எக்ஸைல் கொஞ்சம் இரக்கம் காட்டும். செத்த கேரக்டர் அழியாது, சாதா லீக்கில் இறக்கிவிடுவார்கள். ஹார்ட்கோர் ஆசாமிக்கு அதுவே பெரிய அவமானம், அது வேறு கதை.

சாதாவில் சாவு இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். டயாப்லோ 4-இல் உடுப்பும் ஆயுதமும் கொஞ்சம் தேயும், கொல்லனிடம் காசு கொடுத்தால் சரியாகிவிடும். பாத் ஆஃப் எக்ஸைலில் கதை முடிந்து மேப் ஆடும் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு சாவுக்கும் அந்த லெவலுக்கான எக்ஸ்பியில், அதாவது அனுபவப் புள்ளிகளில், 10 சதவீதம் போகும். தொண்ணூறு லெவலைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓர் இரவு ஆடியது அப்படியே போய்விடும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் சாகும்போது தெரிவதில்லை, சாமான் பொறுக்கும்போது தெரிகிறது. டயாப்லோ 2-வில் ஹெல் என்ற கடைசிக் கடினநிலைக்குப் போனதும், நெருப்பு, மின்னல் போன்ற அடிகளைத் தாங்கும் ரெசிஸ்டன்ஸ் எல்லாவற்றிலும் 100 குறைந்துவிடும். சாதா ஆட்டக்காரர் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார். நல்ல சாமான் அதிகம் விழவைக்கும் மேஜிக் ஃபைண்ட் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார், நாலு தடவை செத்தாலும் நல்ல மோதிரம் ஒன்று விழுந்தால் லாபம்தான். ஹார்ட்கோரில் அதே மோதிரத்தை எடுத்து, உயிர் எவ்வளவு கூட்டுகிறது, ரெசிஸ்டன்ஸ் வழக்கமான உச்சமான 75-ஐத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். சிவப்புப் பானம் உயிரை மெதுவாகத்தான் ஏற்றும். ஊதாப் பானம் குடித்த நொடியே ஏற்றிவிடும். சாதாவில் யாரும் சட்டை செய்யாத அந்த ஊதா பாட்டிலை ஹார்ட்கோரில் ஒன்றுவிடாமல் சேர்த்து வைப்போம்.

நாங்கள் மலேசியாக்காரர்கள். என் சித்தப்பா மகன் கிள்ளானில் இருக்கிறான், நான் கோலாலம்பூர் செந்தூலில். 2021-இல் டயாப்லோ 2-வின் புதுப்பித்த பதிப்பான ரிஸரக்டெட் வந்ததும் இருவரும் ஹார்ட்கோரில் சேர்ந்து ஆடினோம். கடைசிக் கட்டமான வேர்ல்டுஸ்டோன் கீப்பில் மின்னல் வீசும் சோல்கள் என்ற பேய்கள் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும், கண்ணில் படும்போது பாதி உயிர் போயிருக்கும். "அண்ணே, போர்ட்டல் போடுங்க"ன்னு கத்தினான். ஊருக்குத் திரும்பும் அந்த வாசலை நான் போட்டேன், அவன் ஏறவில்லை, அதற்குள் செத்துவிட்டான். கொஞ்ச நேரம் ஹெட்செட்டில் அவன் வீட்டு ஃபேன் சத்தம்தான் கேட்டது. அப்புறம், "சாமான எடுத்து வைங்க, லூட் குடுத்து வச்சிருக்கேன்" என்றான். ஹார்ட்கோரில் பிணத்தைத் தொட முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் அங்கேயே போச்சு. எடுத்து வைத்தேன். கேட்டாலும் உடனே கொடுக்க முடியாது, அந்தக் கவசத்தைப் போட லெவல் வேண்டுமே. அன்றைக்கே பாலடின் என்ற வீரன் ஒருவனை முதல் லெவலிலிருந்து தொடங்கினான். சாதாவாக இருந்திருந்தால் அந்த இரவு இருவருக்கும் நினைவில்கூட இருக்காது.

இனி நம்ம ஊர் விஷயம். பருவமழை மாறும் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்காலமானால் இடி மின்னல்தான். கரண்டு ஒருமுறை ட்ரிப் ஆகி, மோடம் எழுந்து வருவதற்குள் கேரக்டர் போயிருக்கும். கோலாலம்பூர் லோ யாட் கடைத்தொகுதியில் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு படம் பார்க்க உட்கார்ந்தால் பிங் எகிறும், அதாவது கேம் தாமதமாக நகரும், அந்த நேரத்தில் பாஸ் பக்கம் போகாதீர்கள். டயாப்லோ 4-இல் ஸ்க்ரோல் ஆஃப் எஸ்கேப் கையில் இருந்தால் லைன் அறுந்தாலும் தானாகவே ஊருக்குத் தூக்கிப் போய்விடும், அது இல்லாமல் கிளம்பவே கூடாது. லைன் தொல்லையே வேண்டாமென்றால் இதே வகையில் கிரிம் டான் என்ற கேம் இருக்கிறது. நெட் இல்லாமலே ஹார்ட்கோர் ஆடலாம், செத்தால் பழி முழுக்க நம்மேல்தான்.

2023-இல் டயாப்லோ 4 வந்தபோது, ஹார்ட்கோரில் முதலில் 100-வது லெவலைத் தொடும் 1,000 பேரின் பெயரை, அந்தக் கேமின் வில்லி லிலித்தின் சிலையில் பொறிப்பதாகச் சொல்லிப் போட்டி வைத்தார்கள். அதெல்லாம் தூக்கத்தை விற்றவர்களுக்கு. வேலைக்குப் போகிறவர் மெதுவாக லெவல் ஏற்றுவதை ரசிப்பவரென்றால் ஹார்ட்கோரில் நிறைய சந்தோஷம் இருக்கிறது. ஆரம்பத்தில் கிடைக்கும் ஒரு சாதாரணக் கேடயம்கூட அங்கே பெரிய சொத்து. வாரம் ஒரு புது பில்டு (ஸ்கில்லும் சாமானும் சேர்ந்த அமைப்பு), விசித்திரமான ஸ்கில்லை எல்லாம் கலந்து பார்க்க வேண்டும் என்ற ஆளாக இருந்தால் சாதாவிலேயே இருங்கள். அரைகுறை பில்டு முதல் ஐந்து நிமிடத்தில் சாகும், அப்புறம் அடுத்த யோசனையைச் சோதிக்கவே மறுபடி பல நாள் லெவல் ஏற்ற வேண்டியிருக்கும்.