மூன்று அதிகாரம் வாசித்தும் மனதில் நிற்கவில்லையா?

கேள்வி: காலையில் தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வேதம் வாசித்து அட்டவணையில் டிக் போட்டுவிடுகிறேன். சிப்காட் பஸ் ஏறுவதற்குள் என்ன வாசித்தேன் என்பதே மறந்துபோகிறது. தியானிப்பது எப்படி? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஞாபகசக்தியில் கோளாறு இல்லை, அளவுதான் இடிக்கிறது. வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஓடவேண்டும். மொத்தக் கதைப்போக்கு பிடிபட அந்த ஓட்டமும் தேவைதான். அதை இரவுக்கு மாற்றுங்கள், அல்லது பஸ்ஸில் ஆடியோவாகக் கேளுங்கள். காலை இருபது நிமிடத்துக்கு ஆறேழு வசனம் தாராளம்.

சங்கீதம் 1:2-இல் 'தியானமாயிருக்கிற' என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-இல் இரையை விடாமல் உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். ஆகவே கண்ணால் மட்டும் ஓட்டாதீர்கள், உதடு அசையட்டும்.

மாற்கு 4:35-41-ஐ எடுத்துக்கொள்வோம், படகில் தூங்கிய இயேசு எழுந்து புயலை அடக்கும் பகுதி. ஏழே வசனம். முதல் ஐந்து நிமிடம் சத்தமாக, நிதானமாக இரண்டு தடவை. பழைய மொழிபெயர்ப்பில் 'பின்னணியம்' என்று வரும், படவின் (படகின்) பின்பக்கம். முன்பக்கத்தை 'அணியம்' என்பது கடற்கரைப் பேச்சு. இப்படிப் புரியாத சொல்லைத் தாண்டிப் போனால் காட்சியே நழுவிவிடும்.

அடுத்த பத்து நிமிடம் பேனாவோடு. 'என்ன இருக்கிறது' என்பதை மட்டும் எழுதுங்கள். 'எனக்கு என்ன சொல்கிறது' என்பது இப்போது வேண்டாம். தலையணை இருக்கிறது. கூடவே வேறு படவுகளும் இருக்கின்றன. 'பலத்த சுழல்காற்று', 'மிகுந்த அமைதல்', 'மிகவும் பயந்து' என்று மூன்று இடத்தில் அழுத்தம் விழுகிறது. கடல் அடங்கிய பிறகல்லவா 'மிகவும் பயந்து' வருகிறது! அங்கே நில்லுங்கள். 2011 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்குத் தெரியும், காற்று விட்டாலும் கடல் உடனே படுக்காது. இங்கே இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'இவர் யாரோ?' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். புயல் என்றால் என் கடன், என் மேலதிகாரி என்று முதல் நிமிடமே தாவிவிடுகிறோம். பிறகு வேதம் நமக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லும். வருஷப் பிறப்பு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென்று ஒரு வசனம் எடுக்கும் வாக்குத்தத்தச் சீட்டிலும் இதே ஆபத்து உண்டு. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோன் சிறையிருப்பில் எழுபது வருஷம் என்கிறது. எந்த வசனத்தைப் பிடித்தாலும் முன்னும் பின்னும் ஐந்து வசனம் வாசித்துவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் ஜெபம். அதற்கும் பகுதியிலிருந்தே வார்த்தை எடுக்கலாம். 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்று சீஷர்கள் கேட்டது மரியாதையான ஜெபமில்லை, ஆனாலும் பதில் கிடைத்தது. கடனும் மேலதிகாரியும் இப்போது வரட்டும்.

போனில் வாசித்தால் வாட்ஸ்அப் இழுக்கும், அச்சுப் புத்தகமே நல்லது. கேஸ் புக் பண்ணணும் என்பது போன்ற நினைப்பு குறுக்கே வந்தால் விரட்டாதீர்கள். ஓரத்தில் ஒரு துண்டுத்தாளில் குறித்துவிட்டால் அதுவே அடங்கும். தூக்கம் வந்தால் எழுந்து நடந்துகொண்டே முணுமுணுங்கள்.

'இரையாதே, அமைதலாயிரு' போல நாலு சொல்லுக்கு மிகாத துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் எழுதி வையுங்கள். டீ இடைவேளையில், பஸ் நிறுத்தத்தில் எடுத்துப் பாருங்கள். மறுநாளும் புதுப் பகுதிக்குப் போகாமல் இதே ஏழு வசனத்தை வாசியுங்கள். முதல் நாள் வெறுமனே குறித்துவைத்த அந்த 'வேறே படவுகள்' என்ன ஆயின என்று இரண்டாம் நாள்தான் கேட்கத் தோன்றும்.