காது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுரையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள்.

செல்லூரிலிருந்து ஒருவர்: வெகுகாலமாக விசைத்தறி ஓட்டுகிறேன் அண்ணே. சத்தம் கேட்கிறது, பேரன் பேசுவதுதான் பிடிபடவில்லை. செவிப்பறை கிழிந்திருக்குமா?

பறை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பழுது அதற்கும் உள்ளே. பறை அதிர்ந்ததும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. அங்கவடி 3 மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே சின்ன எலும்பு. அது போய் முட்டுவது காக்லியா என்ற, நத்தைக்கூடு போன்ற சுருளின் வாசலில். உள்ளே நீர். நீரில் எழும் அலை சுமார் 15,000 மயிர்ச் செல்களை அசைத்தால்தான் நரம்புக்குச் சேதி போகும். வாசலை ஒட்டி இருப்பவை கீச்சுச் சத்தத்துக்கு, சுருளின் கடைசியில் இருப்பவை கனத்த சத்தத்துக்கு. தறியடிச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்களை, அதாவது கீச்சுச் சத்தம் பிடிப்பவற்றை. ஆகவே 'அ', 'ஓ' எல்லாம் காதில் விழும், 'ச' நழுவிவிடும். பேரன் சொன்னது சட்டியா தட்டியா என்று தடுமாறுவீர்கள். டிவி சத்தத்தைக் கூட்டினாலும் தெளியாது.

செத்த செல் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! ஆடியோகிராம் எடுங்கள், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை அது. மிச்சமிருப்பதைக் காக்க இயர் பிளக் போடுங்கள். வெறும் பஞ்சு போதாது.

அதே அன்பர்: எவ்வளவு சத்தம் வரை தாங்கும்?

85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்த வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறினால் காது அடைக்கிறதே?

மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். பறைக்குப் பின்னால் உள்ள காற்று அதை வெளியே தள்ளும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் போகும் குழாய் திறந்தால் சரியாகிவிடும். எச்சிலை விழுங்கினால், கொட்டாவி விட்டால் அது திறக்கும். இறங்கும்போதுதான் தொல்லை அதிகம், அதுவும் சளி பிடித்திருந்தால்.

திருமங்கலம் அக்கா: காய்ச்சின எண்ணெய் விடலாமா?

வேண்டாம். பறையில் ஓட்டை இருந்தால் நேரே நடுக்காதுக்குப் போகும். அழுக்கு தானாக வெளியே வரும். பட்ஸ் போட்டால் உள்ளேதான் போகும்.

மூன்று மாதக் குழந்தை. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், போதுமா?

போதாது. கை அசைவைப் பார்த்தும் திரும்பலாம். காக்லியா நன்றாக இருந்தால் அதுவே மெல்லிய எதிரொலி தரும். குழந்தை தூங்கும்போது காதில் சின்ன முனையை வைத்து அதைப் பதிவு செய்வோம். வலிக்காது, சில நிமிடம்தான். பிறந்த ஒரு மாதத்துக்குள் பார்த்திருக்க வேண்டிய சோதனை. இந்த வாரமே கூட்டிப்போங்கள்.