ஐந்தாம் இடத்தின் உயரம்: ஏவா செரானோ பற்றிச் சில கேள்விகள்

அக்கா, ஏவா செரானோ ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கவில்லை. அப்புறம் எப்படி அவரைப் பிரான்ஸின் மிகச் சிறந்த ரித்மிக் ஜிம்னாஸ்ட் என்கிறீர்கள்?

தம்பி, ரித்மிக் என்பது ரிப்பன், பந்து போன்ற கருவிகளோடு இசைக்கு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ். அதில் அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதோடு, அவருக்கு முன்னால் யார் யார் நின்றார்கள் என்பதையும் பாருங்கள்.

செரானோ 1978இல் தென் பிரான்ஸின் நீம் நகரில் பிறந்தவர். 18 வயதில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆறாம் இடம். அவருக்கு மேலே இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் உக்ரைன், இரண்டு பேர் ரஷ்யா, ஒருவர் பல்கேரியா. அந்தப் பல்கேரியப் பெண் மரியா பெத்ரோவா, மூன்று முறை உலகச் சாம்பியன்! நான்கு வருடம் கழித்து சிட்னியில் செரானோ ஐந்தாம் இடம். மேலே இரண்டு ரஷ்யர்கள், ஒரு பெலாரஸ் பெண், ஒரு உக்ரைன் பெண்.

ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர் என்பது விதி. சோவியத் யூனியன் இருந்தவரை அந்தப் பெரிய தேசம் முழுவதற்கும் இரண்டு இடம்தான். அது உடைந்த பிறகு ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றும் தனித்தனியாக ஆள் அனுப்பின. எல்லாரும் ஒரே பள்ளியில் வார்த்தவர்கள் மாதிரி. மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முதல் பத்துக்குள் நுழைவதே பெரிய காரியமாக இருந்த காலம். இரண்டு ஒலிம்பிக்கிலும் செரானோவுக்கு மேலே ஒரு மேற்கு ஐரோப்பியரும் இல்லை. என் கணக்கில் அது ஒரு பதக்கத்துக்குச் சமம்.

நான்கு வருடத்தில் ஓர் இடம்தானே முன்னேறினார்?

ஆமாம், ஓர் இடம்தான். ஆனால் இந்த விளையாட்டில் 22 வயதில் கீழே இறங்காமல் இருப்பதே கடினம். பின்னால் 15, 16 வயதுப் பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கருவிகளும் மாறின. அட்லாண்டாவில் கயிறு, பந்து, கட்டை, ரிப்பன். சிட்னியில் கட்டை போய் வளையம் வந்தது. ஓர் ஆட்டம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது. நான்கையும் சேர்த்தால் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காக நான்கு வருடம் உழைக்க வேண்டும்.

கட்டை என்றால் நம் கர்லாக்கட்டையா?

நல்ல கேள்வி. நேரடி உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் கர்லா சுற்றுவதைப் பார்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது எடை குறைந்து, ‘இந்தியக் கட்டை’ என்ற பெயரிலேயே உடற்பயிற்சிக் கூடங்களில் பரவியது. இன்று ரித்மிக் பெண்கள் ஆடும் கட்டை ஒன்று 150 கிராம்தான். இரண்டையும் மேலே வீசிவிட்டு, கீழே உருண்டு எழுந்து, பார்க்காமலே பிடிக்கிறார்கள். நம் ஊர் வாத்தியார்கள் பார்த்தால் அசந்துபோவார்கள்.

கயிறு இப்போது இல்லை. 2011 முதல் பெரியவர்களின் தனிநபர் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. குதிப்பின் அழகு முழுதாகத் தெரிந்தது கயிற்றில்தான்.

சிட்னியில் ரஷ்யாவின் கபாயேவா வளையத்தைத் தவறவிட்டும் வெண்கலம் வாங்கினாரே? நடுவர்கள் சரியாக நடந்துகொண்டிருந்தால் செரானோவுக்குப் பதக்கம் கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது. அவருக்கு முன்னால் நான்காம் இடத்தில் உக்ரைனின் ஒலேனா வித்ரிச்சென்கோ இருந்தார், அட்லாண்டாவில் வெண்கலம் வென்றவர். கபாயேவா கீழே இறங்கியிருந்தால் முதல் பயன் அவருக்குத்தான்.

அலினா கபாயேவாவின் வளையம் கையை விட்டுப் போய் களத்துக்கு வெளியே உருண்டது உண்மை. தங்கம் வென்ற பர்சுகோவாவுக்கு 39.632, கபாயேவாவுக்கு 39.466. அவ்வளவு பெரிய தவறுக்குப் பிறகும் வித்தியாசம் 0.166தான். அதாவது மற்ற மூன்று ஆட்டங்களையும் ஏறக்குறைய குறையே இல்லாமல் ஆடினார். சந்தேகம் வருவதற்கு வேறு காரணம் உண்டு. அதே 2000இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வித்ரிச்சென்கோவுக்கு மதிப்பெண்ணில் நடந்த அநியாயத்துக்காகப் பல நடுவர்கள் தடை செய்யப்பட்டார்கள். அந்த நிழல் சிட்னி வரை நீண்டது.

ரிப்பனில் முடிச்சு விழுந்தால் என்ன செய்வார்கள்?

ரிப்பன் ஆறு மீட்டர். கையில் வியர்வை, அரங்கில் ஏசி காற்று, இரண்டும் அதற்கு எதிரி. சின்ன முடிச்சு என்றால் அப்படியே ஆடி முடிப்பார்கள். பெரிய முடிச்சு விழுந்து ரிப்பன் பாதியாகச் சுருங்கிவிட்டால், களத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் மாற்று ரிப்பனை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் குறையும், ஆனால் ஆட்டம் தொடரும்.

செரானோவுக்குப் பிறகு பிரான்ஸில் யார்?

டெல்ஃபின் லெது, கலே நகரத்துப் பெண், 26 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். மின்ஸ்கில் பிறந்த செனியா முஸ்தஃபாயேவா 2016 ரியோவில். எலென் கர்பனோவ் 2024இல் சொந்த மண்ணில், பாரிஸில். 2024 பாரிஸ் வரை பிரான்ஸுக்கு ரித்மிக்கில் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. மிக அருகில் போனது 1996இல் பிரெஞ்சுக் குழு பிடித்த நான்காம் இடம்.

பாரிஸ் போட்டி நடந்தது நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் வடக்கே. நம் யாழ்ப்பாணக் கடைகள் இருப்பது இரண்டாம் எண் மெட்ரோவின் லா ஷப்பல் நிறுத்தத்தைச் சுற்றி. அரங்கம் இருப்பது போர்த் து லா ஷப்பல், பன்னிரண்டாம் எண் மெட்ரோ. பெயர் குழப்பும். டிக்கெட் எடுக்கும் முன் எந்த நிறுத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் நேரம் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.