குஞ்சு வரும் வழி, போகும் வழி

கேள்வி: பழவேற்காடு ஏரி அவ்வளவு பெரிது. முகத்துவாரம் மணலில் தூர்ந்ததும் இறாலும் மடவையும் குறைவது ஏன்? (வாசகர், பொன்னேரி)

பதில்: அவை ஏரியில் பிறப்பவை அல்ல. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். ஒரு நாளுக்குள் பொரிந்து, இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில் கரைக்கு வரும். எதிர்நீச்சல் போட அந்தக் குஞ்சுக்குத் திராணி கிடையாது. கடல் ஏறும்போது மேலெழும்பி நீரோடு உள்ளே வரும். வற்றம் (நீர் இறங்குவது) தொடங்கியதும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இரவில், ஏற்றம் ஏற்றமாக இப்படியே ஏரிக்குள் போய்ச் சேரும். மடவையும் கடலில் பிறந்து, 2, 3 சென்டிமீட்டர் குஞ்சாக நுழைவதுதான்.

வாய் அடைபட்டால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. கோடையில் உள்ளே நிற்கும் நீர் வற்றி, உப்பு கடலையும் மிஞ்சும். இன்னொரு நஷ்டம் பலர் கண்ணில் படுவதில்லை: சில மாதம் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பினால்தான் அதன் சினை முதிரும். வெளியே போக வழியில்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கே முட்டை இல்லை.

தூர்வாரினால் மணலை எங்கே கொட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் வடக்கே நகர்கிறது. வாய்க்குத் தெற்கே கொட்டிய மணல் மறுபடி வாய்க்கே வந்து சேரும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் இந்தக் குஞ்சுகளைக் காக்காதா? (வாசகர், கடலூர்)

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கடலில் இயந்திரப் படகுகளுக்கானது. முகத்துவாரத்தில் வற்றத்தை எதிர்த்துக் கட்டும் சிறுகண் வலையை அது தொடாது. கடலுக்குத் திரும்பும் இறால் அந்த வலையில்தான் மாட்டுகிறது. தயவுசெய்து அங்கே கட்டாதீர்கள்.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் நாங்கள். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் குஞ்சுகளைக் கணக்கெடுப்பது எப்படி? (பரங்கிப்பேட்டை)

பதில்: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், 1 மில்லிமீட்டர் கண் உள்ள வலையின் இரு முனையிலும் கம்பு கட்டுங்கள். முழங்கால் அளவு நீரில், கம்புகளை 1.5 மீட்டர் இடைவெளியில் பிடித்து 20 மீட்டர் இழுத்தால் ஓர் இழுப்பு 30 சதுர மீட்டர். ஓர் இடத்தில் மூன்று இழுப்பு, ஒன்றின் தடத்தில் இன்னொன்று விழாமல். அடிக்கயிறு சேற்றை விட்டு எழும்பினால் இறால் குஞ்சு கீழே நழுவிவிடும். மிக மெதுவாக இழுத்தால் மடவை தப்பிவிடும்.

பிடித்ததை நீர் நிறைத்த வெள்ளைத் தட்டில் விட்டு நிழலில் எண்ணுங்கள். அடிவயிறு நெடுக செம்பழுப்புக் கோடு ஓடினால் புலி இறால் குஞ்சு. எண்ணியதும் உயிரோடு விட்டுவிடுங்கள். உப்பளவு, வெப்பம், ஆழம், நேரம் நான்கையும் அங்கேயே எழுதுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே ஓத நிலையில் போக வேண்டும். வற்றத்தில் குஞ்சுகள் ஓடைகளில் நெருங்கிவிடும். அதை ஏற்றத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் பொய்யான பெருக்கம் தெரியும். நிறைய குஞ்சு இருப்பதாலேயே ஓர் இடம் மீன் குஞ்சுகளை வளர்த்து அனுப்பும் நாற்றங்கால் ஆகிவிடாது. 2001இல் மைக்கேல் பெக்கும் சக ஆய்வாளர்களும் வைத்த அளவுகோல் கடுமையானது: எண்ணிக்கை, வளர்ச்சி, உயிர் தப்பிப் பிழைப்பது, வளர்ந்தபின் பெரிய மீன்களோடு போய்ச் சேர்வது ஆகிய நான்கும் சேர்ந்து, அதே அளவு பரப்பில் மற்ற இடங்களைவிட அதிக மீனைத் தர வேண்டும்.

கேள்வி: வெறும் சேற்றுத் திட்டில் அலையாத்தி நட்டால் மீன் பெருகுமா? (அதிராம்பட்டினம்)

பதில்: அந்தச் சேறு வெறும் சேறல்ல. அதன் மேல் பழுப்பாகப் படரும் நுண்பாசிதான் மடவைக் குஞ்சின் தீனி. அதை மூடி நடாதீர்கள். காடு அழிந்து, தரை பள்ளமாகி, உப்பு நீர் தேங்கிய இடம்தான் மீட்க வேண்டியது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு, அதன் பிறகு நட்டார்கள். வாய்க்கால் தூர்ந்தால் கன்றும் காயும், குஞ்சும் வராது. பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: கடலில் பிடித்த மீன் கழிமுகத்தில் வளர்ந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (நாகப்பட்டினம்)

பதில்: செவிக்கல்லை வைத்து. கத்தாளை மீனின் தலையைச் சாப்பிடும்போது பல்லில் தட்டுமே, அந்த வெள்ளைக் கல்தான். எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு. குஞ்சுப் பருவத்தில் அதில் நாளுக்கு ஒரு வளையம் படியும். நன்னீர் கலந்த இடத்தில் படிந்த வளையத்தில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் பொதுவாகக் குறைவு, கடலில் படிந்ததில் கூடுதல். கல்லை மெல்லியதாகத் தேய்த்து நடுவிலிருந்து விளிம்பு வரை அளந்தால், எந்த வயதில் உள்ளே வந்தது, எப்போது வெளியேறியது என்பது தெரியும். மழை பொய்த்து, உள்ளேயும் கடலளவு உப்பு நிற்கும் ஆண்டில் இந்த வேறுபாடு மங்கிவிடும்.