கரண்ட் இல்லாத தோப்புக் கொட்டாயில் பேட்டரிக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுவது?

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு ரெண்டு மாதம் தங்கப் போவதாகவும், போனுக்கும் டார்ச்சுக்கும் வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் கொட்டாயிலும் அதே கதைதான். 20 வாட் சோலார் பேனல், பைக்கிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, நடுவில், பேட்டரிக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். பேட்டரியிலிருந்து போனுக்கு, காரில் செருகுகிற யுஎஸ்பி அடாப்டர் போதும்.

கன்ட்ரோலரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட் என்று விற்கும் பேனல் நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட் தரும். பேட்டரிக்குச் சுமார் 14.4 தான் எல்லை. நான் ஒருமுறை கன்ட்ரோலர் இல்லாமல் நேராக இணைத்துவிட்டேன். மூன்றாம் நாள் உள்ளே கொதிக்கிற சத்தம், அழுகிய முட்டை நாற்றம். மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றி பிளேட் தெரிகிறது. அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். பக்கத்தில் யாரையும் பீடி பற்ற வைக்க விடாதீர்கள். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை.

தோப்பில் நிழல்தான் எதிரி. செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு மாவிலை விழுந்தாலே கரண்ட் சரிந்துவிடும்.

சைக்கிள் டைனமோவும் வேலை செய்யும். ஆனால் அது 6 வோல்ட், 3 வாட் ஏசி. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு நாலு வைத்து டிசி ஆக்கி, வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் போட்டாலும், ஒரு போன் நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தில் போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்கிற வீடியோக்களை நம்பாதீர்கள், பழம் ஊறுகாய்க்காவது ஆகட்டும்.